செக் விமானிகளைப் பற்றிப் பள்ளியில் பேசப் போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் சுமார் 2,500 செக்கோஸ்லோவாக்கியர்கள் பணியாற்றினார்கள். அவர்களில் 500க்கும் மேற்பட்டோர் உயிரோடு திரும்பவில்லை. திரும்பியவர்களில் பலரை, அவர்கள் எந்த நாட்டுக்காகப் போரிட்டார்களோ அந்த நாடே சில ஆண்டுகளில் சிறையில் அடைத்தது.

இந்த மூன்று வரிகளை வகுப்பில் சொல்லிவிட்டு அரை நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். கடைசி வரிசையில் இருப்பவன்கூட நிமிர்ந்து உட்காருவான். ஒரு வகுப்புக்கு முன்னால் 45 நிமிடம் நின்று இந்தக் கதையை எப்படிச் சொல்வது, எதை எடுப்பது, எதை விடுவது என்பதை இங்கே எழுதுகிறேன். வரலாற்று ஆசிரியராக இருந்தாலும், பள்ளி மன்றத்துக்குச் சிறப்புப் பேச்சாளராகப் போனாலும், ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு இது பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்ற போர் விமானங்கள், எத்தனை விமானம் வீழ்ந்தது என்று பேசினால் விமானப் பைத்தியம் பிடித்த நான்கு பேர் மட்டும் கேட்பார்கள். வீட்டை விட்டுப் போனது, வீட்டுக்குத் திரும்பியது என்று பேசினால் எல்லோரும் கேட்பார்கள். பேச்சின் முதுகெலும்பு இந்த இரண்டும்தான்.

முதல் படி: ஒரே ஒரு மனிதரைத் தேர்ந்தெடுங்கள்

பத்துப் பேரைப் பற்றிச் சொன்னால் ஒருவரும் மனதில் நிற்க மாட்டார்கள். ஒருவரை முழுதாகச் சொல்லுங்கள். மற்றவர்கள் வழியில் வந்து போகட்டும். என் பட்டியலில் நால்வர் இருக்கிறார்கள்.

யோசெஃப் ஃபிரான்டிஷெக். செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் ஒட்டாஸ்லாவிட்ஸே என்ற ஊர்க்காரர். போலந்துக்குத் தப்பிப் போனவர், அங்கேயே தங்கி, போலந்து வீழ்ந்தபோது ருமேனியா வழியாக பிரான்சுக்கும் பிறகு பிரிட்டனுக்கும் போனார். பிரிட்டிஷ் விமானப் படையில் போலந்துக்காரர்களின் 303ஆம் ஸ்குவாட்ரனில் (விமானப் பிரிவில்) பறந்து, 1940 செப்டம்பர் என்ற ஒரே மாதத்தில் 17 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. அக்டோபர் 8 அன்று லண்டனுக்குத் தெற்கே யூவெல் என்ற இடத்தில் அவருடைய ஹரிக்கேன் விழுந்து நொறுங்கியது. முந்தைய நாள்தான் அவருக்கு 26 வயது நிறைந்திருந்தது. விமானம் ஏன் விழுந்தது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

அலோய்ஸ் வஷாட்கோ. படைக்கு வருமுன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளிக்கூடத்தில் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆள் யார்? பிரான்சில் மட்டும் 12 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அவர் கணக்கில் உண்டு. பின்னர் பிரிட்டனில் செக்கோஸ்லோவாக் ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த பெரும் அணிக்கே தலைவரானார். 1942 ஜூன் 23 அன்று ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே ஒரு ஜெர்மன் விமானத்தோடு மோதி இறந்தார்.

யோசெஃப் பிரிக்ஸ். இவரைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். என்னைக் கேட்டால் இவரையே எடுங்கள் என்பேன்.

எமில் போச்செக். சிறு வயதினருக்கு இவர். பிர்னோ நகரத்துப் பையன், 16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினார். பிரிட்டனில் முதலில் மெக்கானிக்காக வேலை பார்த்து, கனடாவில் விமானிப் பயிற்சி முடித்து, 1944இல் 310ஆம் ஸ்குவாட்ரனில் ஸ்பிட்ஃபயர் ஓட்டினார். 2023 மார்ச்சில் நூறு வயதில் காலமானார். பிரிட்டனில் பறந்த செக்கோஸ்லோவாக் போர் விமானிகளில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான். பத்தாம் வகுப்பில் "உங்கள் வயதுதான் அவருக்கு" என்று தொடங்கினால் வேறு முன்னுரை எதுவும் தேவைப்படாது.

இரண்டாம் படி: பெயர்களை வாய்க்குப் பழக்குங்கள்

சின்ன வேலைதான். ஆனால் பெயரைத் தடுமாறிச் சொல்பவரை மாணவர்கள் நம்ப மாட்டார்கள். செக் மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். ஃபிரான்டிஷெக் பெர்ஷினா என்ற புகழ்பெற்ற விமானி ஒருவர் உண்டு. அந்தப் பெயரின் நடுவில் வரும் ஒலி செக் மொழிக்கே உரியது. ரகரத்தையும் ஷகரத்தையும் ஒரே மூச்சில் சேர்த்தது போல இருக்கும். வெளிநாட்டவருக்கு நம் ழகரம் எப்படியோ அப்படி. இதை வகுப்பில் சொல்லி ஒரு முறை எல்லோரையும் உச்சரிக்கச் சொல்லுங்கள். சிரிப்பும் வரும், பெயரும் நிற்கும்.

இன்னொன்று. தலைப்பில் "செக்" என்று இருந்தாலும் பேச்சில் "செக்கோஸ்லோவாக்" என்று சொல்லுங்கள். அன்று அது செக்குகளும் ஸ்லோவாக்கியர்களும் சேர்ந்த ஒரே நாடு. ஸ்லோவாக்கியர்கள் இருந்தார்கள், யூத இளைஞர்கள் இருந்தார்கள். ஓட்டோ ஸ்மிக் என்ற விமானி ஸ்லோவாக்கியத் தந்தைக்கு ஜார்ஜியாவில் பிறந்தவர். அவர்களையெல்லாம் ஒரு சொல்லால் அழித்துவிடக் கூடாது.

மூன்றாம் படி: பின்னணிக்கு ஐந்தே நிமிடம்

1938 செப்டம்பர் இறுதியில் மியூனிக்கில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி ஆகிய நான்கு நாடுகள் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்துவிட்டன. யாருடைய நிலமோ அவர்களுக்கு அந்த மேசையில் இடமில்லை. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்தது. முந்தைய நாளே ஸ்லோவாக்கியா தனி நாடாகப் பிரிந்திருந்தது. ஒரு குண்டு வீசாமலேயே செக்கோஸ்லோவாக் விமானப் படை கலைந்துபோனது.

இந்த இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். "உனக்கு 24 வயது. விமானம் ஓட்டத் தெரியும். ஓட்ட விமானம் இல்லை. அப்பா, அம்மா, ஒருவேளை மனைவி, எல்லோரும் இங்கேதான். எல்லையைத் தாண்டினால் எப்போது திரும்புவாய் என்று தெரியாது. போவாயா?" கை தூக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வையுங்கள். அதைக் கடைசியில் பயன்படுத்தப் போகிறோம்.

நான்காம் படி: வரைபடத்தில் ஒரு கோடு இழுங்கள்

பெரிய ஐரோப்பிய வரைபடம் ஒன்று வேண்டும். இல்லையென்றால் கரும்பலகையில் சாக்பீஸால் தோராயமாக வரைந்தாலே போதும். திரையில் காட்டுவதைவிட கையால் கோடு இழுப்பது நல்லது. கோடு நீள நீள, அந்தப் பயணத்தின் நீளம் மாணவர்களுக்கு உடலால் புரியும்.

1939 கோடையில் கிளம்பியவர்கள் ஆஸ்ட்ராவா பக்கம், நிலக்கரிச் சுரங்கப் பகுதி வழியாக இரவில் போலந்து எல்லையைத் தாண்டினார்கள். கிராகோவ் நகரில் சேர்ந்தார்கள். அங்கிருந்து பால்டிக் கரையில் க்தீனியா துறைமுகம், பிறகு கப்பலில் பிரான்ஸ். பிரான்ஸ் அப்போது போரில் இறங்கவில்லை. அயல்நாட்டுப் படையாளை அது ஏற்றுக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. ஃபாரின் லீஜியன் என்ற வெளிநாட்டவர் படையில் ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போர் மூண்டால் விமானப் படைக்கு மாற்றுவோம் என்று வாக்குறுதி. பயிற்சி பெற்ற விமானிகள் அல்ஜீரியாவில் சிதி பெல் அப்பெஸ் முகாமில் காலாட்படைக்காரர்களாக வெயிலில் நடந்தார்கள். இதைச் சொல்லும்போது அவசரப்படாதீர்கள். வீரர்கள் காத்திருந்த நாட்களையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

போலந்து வீழ்ந்த பிறகு கிளம்பியவர்களுக்கு வேறு பாதை: ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, யூகோஸ்லாவியா, பிறகு பெய்ரூட், அங்கிருந்து கப்பலில் மார்செய். இந்தக் கோட்டை வேறு நிறத்தில் இழுங்கள். ஹங்கேரியில் பிடிபட்டுச் சிறைப்பட்டவர்கள் பலர் உண்டு.

1940 ஜூனில் பிரான்ஸ் சரிந்தது. மறுபடியும் ஓட்டம். பொர்தோவிலிருந்தும், மத்தியதரைக் கடல் ஓரத்தில் போர்-வாந்த்ர் துறைமுகத்திலிருந்தும், கிடைத்த கப்பலில் ஏறி, சிலர் ஜிப்ரால்டர் சுற்றி, பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஓராண்டில் மூன்றாவது நாடு, மூன்றாவது மொழி, மூன்றாவது சீருடை.

ஐந்தாம் படி: பிரிட்டனில் நடந்ததைச் சுருக்கமாக

இங்கேதான் பல பேச்சாளர்கள் வழி தவறுகிறார்கள். தகவல் ஏராளமாகக் கிடைக்கும் பகுதி இது. எல்லாவற்றையும் கொட்டத் தோன்றும். கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். நான்கு எண்களைப் பலகையில் எழுதுங்கள்: 310, 311, 312, 313. நான்கு செக்கோஸ்லோவாக் ஸ்குவாட்ரன்கள். 310 போர் விமானப் பிரிவு, 1940 ஜூலை 10 அன்று டக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. 311 குண்டுவீச்சுப் பிரிவு, அதே மாதம் ஹோனிங்டனில். 312 ஆகஸ்ட் இறுதியில். 313 அடுத்த ஆண்டு மே மாதம் கேட்டரிக்கில்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு முழக்கம் இருந்தது. மாணவர்களுக்குப் பிடிப்பது இதுதான். 310: "மீண்டும் கட்டியெழுப்பப் போரிடுகிறோம்." 311: "அவர்கள் எத்தனை பேர் என்று பார்க்காதே." இது பதினைந்தாம் நூற்றாண்டுச் செக் மதச் சீர்திருத்தவாதிகளான ஹுஸைட்டுகளின் போர்ப் பாடலிலிருந்து எடுத்தது. 312: "ஆட்கள் குறைவு, செயல்கள் அதிகம்." 313: "ஒரு பருந்து பல காக்கைகளை விரட்டும்." சின்ன நாட்டிலிருந்து வந்த சிறு கூட்டம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்று இந்த நான்கு வரிகளையே வைத்து யோசிக்கச் சொல்லலாம்.

310இல் இரண்டு தலைவர்கள் இருந்தார்கள்: ஒரு பிரிட்டிஷ்காரர், டக்ளஸ் பிளாக்வுட், ஒரு செக், அலெக்ஸாண்டர் ஹெஸ். மொழி தெரியாத நிலையில் வானொலிக் கட்டளையைப் புரிந்துகொண்டு பறக்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு தேவைப்பட்டது. ஹெஸ் 1898இல் பிறந்தவர். 42ஆம் வயதில், தன் வயதில் பாதி இருந்த பையன்களோடு சேர்ந்து போரிட்டார்.

1940இல் ஜெர்மன் விமானப் படையைப் பிரிட்டன் தடுத்து நின்ற வான்போரில் பறந்த செக்கோஸ்லோவாக்கியர்கள் கிட்டத்தட்ட 90 பேர். துல்லியமான எண் நூலுக்கு நூல் சற்று மாறும். யாரை எந்த நாட்டவராகக் கணக்கிடுவது என்பதில் வரும் வேறுபாடு அது. போலந்துக்காரர்களோடு பறந்த ஃபிரான்டிஷெக்கே நல்ல உதாரணம். வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையிலும் இதே கவனம் வேண்டும். விமானி சொன்னது, இருவர் பகிர்ந்துகொண்டது, பின்னால் உறுதியானது எல்லாம் வெவ்வேறு. "கணக்கில் உள்ளது" என்று சொல்வதே நேர்மை.

நேரம் இருந்தால் இரவு வேட்டைக்காரர் காரெல் குட்டல்வாஷரைப் பற்றி ஒரு நிமிடம். 1942 ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையே, ஜெர்மன் விமானத் தளங்களுக்கு மேலேயே தனியாகப் போய் இருட்டில் காத்திருந்து 15 விமானங்களை வீழ்த்தினார்.

ஆறாம் படி: குண்டுவீச்சு விமானத்தில் இருந்தவர்களை மறக்காதீர்கள்

போர் விமானி தனியாக இருப்பார், படத்துக்கு அழகாக இருப்பார். வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானத்தில் ஆறு பேர் இருட்டில், குளிரில், பல மணி நேரம் அடைந்து கிடந்தார்கள். செக்கோஸ்லோவாக் பிரிவுகளில் மிக அதிகமான உயிர்களை இழந்தது 311தான். இழப்பை ஈடுகட்டப் புதிய ஆட்கள் வரவில்லை. தாய்நாடு பூட்டிக் கிடந்தது. அதனால் 1942 ஏப்ரலில் அந்தப் பிரிவைக் கடற்காவல் வேலைக்கு மாற்றினார்கள். பின்னர் லிபரேட்டர் விமானங்களில் பறந்தார்கள். 1943 டிசம்பர் 27 அன்று ஓல்டர்ஷிக் டோலெஜல் தலைமையிலான குழு, பிஸ்கே விரிகுடாவில் ஆல்ஸ்டருஃபர் என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது.

இங்கே ஆர்னோஷ்ட் வாலன்டாவின் பெயரைச் சொல்ல வேண்டும். 311இல் பறந்து 1941இல் பிரான்சில் பிடிபட்டவர். ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து 1944 மார்ச்சில் சுரங்கம் தோண்டித் தப்பிய 76 பேரில் அவரும் ஒருவர். திரும்பப் பிடிபட்டவர்களில் 50 பேரை ஹிட்லரின் உத்தரவுப்படி கொன்றார்கள். வாலன்டா அந்த ஐம்பதில் ஒருவர்.

ஏழாம் படி: வீட்டில் இருந்தவர்கள்

பல பேச்சுகளில் இந்தப் பகுதியே இருக்காது. என்னைப் பொறுத்தவரை இது இல்லாமல் பேச்சே இல்லை. மகன் பிரிட்டனில் பறக்கிறான் என்று தெரிந்தால் தண்டனை பெற்றோருக்கு. 1942 செப்டம்பரிலிருந்து மொராவியாவில் ஸ்வாட்டோபோர்ஷிட்ஸே என்ற இடத்தில் ஒரு தடுப்பு முகாமில், வெளிநாட்டில் போரிடுபவர்களின் உறவினர்களை அடைத்தார்கள். செக்கோஸ்லோவாக் விமானப் படைக்குத் தலைமை தாங்கிய காரெல் யனோவ்ஷெக்கின் மனைவி அவுஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் இறந்தார். லண்டனில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

விமானிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பிடிபட்டால் ஜெர்மனி அவர்களைப் போர்க்கைதியாக மட்டும் பார்க்காது, தன் ஆட்சிக்கு உட்பட்ட துரோகிகளாகவும் பார்க்கலாம். அதனால்தான் பிரிக்ஸ் பிடிபட்டபோது தன் பெயரை ரிக்ஸ் என்று சொல்லி ஆங்கிலேயராக நடித்தார்.

எட்டாம் படி: 1945இல் நிறுத்தாதீர்கள்

பேச்சின் மிக முக்கியமான பகுதி இது. குறைந்தது பன்னிரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

1945 ஆகஸ்ட் 13 அன்று செக்கோஸ்லோவாக் போர் விமானப் பிரிவுகள் பிராகாவின் ருஸினியே விமான நிலையத்தில் வந்து இறங்கின. ஊரே திரண்டு வரவேற்றது. இதோடு முடித்தால் நல்ல சினிமாவாக இருக்கும். அப்படி முடிக்காதீர்கள்.

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். மேற்கில் போரிட்டவர்கள் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். படையிலிருந்து நீக்கம், வீட்டிலிருந்து வெளியேற்றம், கிடைத்தது கூலி வேலை. யனோவ்ஷெக்குக்கு 18 ஆண்டு சிறை விதித்தார்கள். 1960 பொது மன்னிப்பில்தான் வெளியே வந்தார். ஃபிரான்டிஷெக் ஃபாய்ட்ல், 1942இல் பிரான்சில் சுடப்பட்டு விழுந்து ஸ்பெயின் வழியாகத் தப்பி வந்தவர், 1944இல் சோவியத் பக்கம் போய், ஜெர்மானியருக்கு எதிரான ஸ்லோவாக் எழுச்சிக்குத் துணையாகப் பறந்த ரெஜிமென்ட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவரையும் விடவில்லை. 1950இல் விசாரணையே இல்லாமல் மீரோவ் சிறையில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தார்கள்.

இப்போது பிரிக்ஸின் கதைக்கு வாருங்கள். 1941 ஜூன் 17 அன்று பிரான்சுக்கு மேலே சுடப்பட்டுப் பிடிபட்டார். மறுபடி மறுபடி தப்பினார். 1943இல் போலந்தில் ஷூபின் முகாமிலிருந்து கழிவுநீர் வண்டிக்குள் ஒளிந்து வெளியேறி, வார்சா வரை போய், போலந்து இரகசிய இயக்கத்தாரிடம் அடைக்கலம் பெற்றார். நாஜி இரகசியப் போலீஸான கெஸ்டபோ மீண்டும் பிடித்தது. 1945 ஏப்ரலில், போர்க்கைதிச் சிறையாக இருந்த கோல்டிட்ஸ் கோட்டையில் அமெரிக்கர்கள் விடுவித்தார்கள். ஆங்கிலேயப் பெண்ணை மணந்து நாடு திரும்பினார். 1948இல் கைது. முதலில் பத்து ஆண்டு, பிறகு மேலும் இருபது ஆண்டு. யாகிமோவ் பகுதியில் யுரேனியம் சுரங்கக் கைதிகள் முகாமில் 1957 ஆகஸ்ட் 11 அன்று மாரடைப்பில் இறந்தார். ஜெர்மானியரிடமிருந்து அத்தனை முறை தப்பியவர் சொந்த நாட்டுச் சிறையிலிருந்து உயிரோடு வெளிவரவில்லை.

சொல்லி முடித்ததும் விளக்கம் சேர்க்காதீர்கள். தேதிகளே போதும்.

சிலர் மறுபடியும் நாட்டை விட்டு ஓடினார்கள். 1950 மார்ச் 24 அன்று மூன்று டகோட்டா பயணிகள் விமானங்களை அவற்றின் விமானிகளே மேற்கு ஜெர்மனியில் மியூனிக் அருகே எர்டிங் தளத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். பிரிட்டனில் பறந்த பழைய ஆட்கள் அதில் இருந்தார்கள். வரைபடத்தில் அந்தக் கோட்டையும் இழுங்கள். 1939இல் தொடங்கிய கோடு மறுபடி எல்லையைத் தாண்டுவதை மாணவர்கள் கண்ணால் பார்க்கட்டும். உயிரோடு இருந்தவர்களுக்குப் பதவியும் மரியாதையும் திரும்பக் கிடைக்க, 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த பிறகு, 1991 வரை ஆனது.

ஒன்பதாம் படி: நேரத்தைப் பிரிப்பதும் பொருட்களும்

தொடக்கக் கேள்வியும் பின்னணியும் 8 நிமிடம். வரைபடம் 8. பிரிட்டன் 7, குண்டுவீச்சுப் பிரிவு 3, வீட்டில் இருந்தவர்கள் 3, 1945க்குப் பிறகு 12. மீதி கேள்விகளுக்கு. ஒத்திகையில் நீண்டுவிட்டால் பிரிட்டன் பகுதியில் வெட்டுங்கள்; 1948ஐ வெட்டாதீர்கள்.

படங்கள் ஐந்து போதும். உங்கள் மனிதரின் முகம், தோளில் நாட்டின் பெயர் தைத்த சீருடை, ஒரு வெல்லிங்டன், பிராகா க்பெலி அருங்காட்சியகத்தில் நிற்கும் ஸ்பிட்ஃபயர், அப்புறம் பிராகாவின் க்ளாரோவ் பகுதியில் உள்ள சிறகு முளைத்த சிங்கச் சிலை. செக்கோஸ்லோவாக்கிய விமானப் படையினர் நினைவாக, செக் நாட்டில் வாழும் பிரிட்டிஷ் மக்கள் கொடுத்த அந்தச் சிலை 2014 ஜூன் 17 அன்று திறக்கப்பட்டது. போர்ச் சத்தமும் இசையும் சேர்த்த வீடியோ வேண்டாம். அது ஓடும் மூன்று நிமிடத்தில் நீங்கள் கட்டிய அமைதி கலைந்துவிடும்.

பத்தாம் படி: கேள்விகளுக்குத் தயாராகுங்கள்

"இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்தும் ஏன் திரும்பிப் போனார்கள்?" இது நிச்சயம் வரும். தெரிந்து போகவில்லை என்பதே பதில். 1945இல் அது அவர்கள் விடுவிக்கப் போரிட்ட நாடு. 1948 பின்னால் வந்தது. திரும்பிப் போய், சீக்கிரமே மீண்டும் பிரிட்டனுக்கு வந்துவிட்டவர்களும் உண்டு. குட்டல்வாஷர் 1946இலேயே வந்து பயணிகள் விமானம் ஓட்டினார்.

"குண்டு போட்டதில் பொதுமக்கள் சாகவில்லையா?" செத்தார்கள். மழுப்பாமல் சொல்லுங்கள். 311 இரவில் ஜெர்மன் நகரங்கள் மேல் பறந்தது. இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவிக்கு நன்றி சொல்லி, விவாதத்தை வகுப்பிடமே விடுங்கள்.

"மியூனிக்கில் அவர்களைக் கைவிட்ட பிரிட்டனுக்காக ஏன் போரிட்டார்கள்?" இதற்கு 310இன் முழக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்விகள் முடிந்ததும் பலகையின் மூலையில் எழுதி வைத்த எண்ணுக்குப் போங்கள். அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்: "போவாயா?" இந்த முறை கை தூக்கச் சொல்ல வேண்டாம். ஒரு துண்டுத்தாளில் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். கிளம்பும்போது வரைபடத்தையும் கோடுகளையும் அழிக்காமல் விட்டு வாருங்கள். அடுத்த பாடத்துக்கு வரும் ஆசிரியர் அழித்துக்கொள்ளட்டும்.